அஞ்சாவது வளைவு

ஏணிய அந்தச் செவுத்துல சாத்தாத தம்பி. எடு, எடு. இந்தப் பக்கம் கொண்டா. அது அவன் செவுரு. செவுரு பூரா நிக்கிறது என் எடத்துல, ஆனா அவன் செவுரு. அந்தக் கதைய அப்புறம் சொல்றேன். நல்லா நனைஞ்சிருக்க, மொதல்ல தலையத் தொவட்டு. இந்தா துண்டு.

உக்காரு. ஏறாத. நான் சொல்றதக் கேட்டுட்டு ஏறு. நீ நாலாவது ஆளு, தெரியுமா? உனக்கு முன்னாடி வந்த மூணு பேரும் வந்ததும் வராததுமா அடுப்படிப் பரண் மேல ஏறினானுங்க. எறங்கி வந்து மூணு பேரும் ஒரே பாட்டு. குழாய் நசுங்கியிருக்கு சார், குழாய் நசுங்கியிருக்கு சார். மொத ரெண்டு பேரையும் தெரு முனை வரைக்கும் வெரட்டினேன், மூணாமவன் கதை வேற. நசுங்கல் இல்ல அது. லேசா முட்டை வடிவத்துல இருக்கு. நசுங்கலுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவன்லாம் ஸ்பானரத் தூக்கிட்டு வந்துடறான்.

மழை காலத்துல எதுக்கு சார் ஏசின்னு ஃபோன்லயே கேட்ட நீ. கேக்கலன்னு சொல்லாத, கேட்ட. ஐப்பசி அடைமழை பெய்யுது, திருச்சியே ஊறிக் கெடக்குது, இந்தக் கெழவனுக்கு என்ன கொள்ளைன்னு நெனைச்சிருப்ப. காரணம் இருக்கு. என் பொண்டாட்டி திரும்ப வரணும். ஏசி ஓடுனா வந்துடுவா. அதுக்குத்தான்.

என் பேரு சவரிமுத்து. சர்க்கரை ஆலையில முப்பத்தோரு வருஷம் பைப் ஃபிட்டர். நீராவி போற இரும்புக் குழாய் பாத்திருக்கியா? என் தொடை தண்டி இருக்கும். உள்ள மணல அடைச்சு, பழுக்கக் காய வெச்சு, சங்கிலி போட்டு இழுத்து வளைப்போம். நான் வளைச்ச குழாய்ல ஒரு சுருக்கம் கெடையாது. மேனேஜர் தடவிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போவாரு. அதான் எனக்கு சர்டிபிகேட். அப்பேர்ப்பட்டவன்கிட்ட வந்து அரை இஞ்ச் செப்புக் குழாய எப்படி வளைக்கணும்னு பாடம் எடுத்தா எப்படி இருக்கும்?

சரி, கதைக்கு வரேன். போன குருத்தோலை ஞாயிறு. கோயில்ல பூசை நடக்கும்போதே ஜெபமாலை மயங்கி விழுந்துட்டா. ஜெபமாலைதான் என் சம்சாரம். மூணு வருஷம் முன்ன கர்ப்பப்பை எடுத்தாங்க, அதுலேருந்தே அவளுக்கு சூடு ஆகாது. டாக்டர் சொன்னாரு, வெயில்ல விடாதீங்க, குளிர்ச்சியா வெச்சிக்கிங்கன்னு. குளிர்ச்சின்னு அவர் வாயாலயே சொன்னாரு. நான் என் பாட்டுக்கு இட்டுக்கட்டல. ஓசூர்ல இருக்கற எங்க பொண்ணு ரெஜினா அன்னிக்கே கடைக்கு ஃபோன் போட்டு ஏசிக்குச் சொல்லிட்டா. நாலாம் நாள் பொட்டி வந்து எறங்கிடுச்சு.

மாட்ட ரெண்டு பேர் வந்தாங்க. படுக்கற ரூமப் பாத்தாங்க. அந்த ரூமுக்கு வெளிச்செவுரு ஒண்ணே ஒண்ணுதான், இதோ இந்த சந்துப் பக்கம். இங்க ஓட்டை போட்டு, வெளிய வெக்கிற அவுட்டோர் பொட்டிய சந்துக்கு அந்தாண்ட மாட்டினா மூணு மீட்டர் குழாய் போதும் சார், பொட்டியோட வந்ததே சரியா இருக்கும், அரை நாள் வேலைன்னாங்க. நான் கேட்டேன், சந்துக்கு அந்தாண்ட யாரு எடம்னு தெரியுமாடா உங்களுக்குன்னு.

என் தம்பி எடம். அமலதாஸ்.

உன்னத் தம்பின்னு கூப்பிடறேன், வயசு அப்படி. கூடப் பொறந்தவன அப்படிக் கூப்பிட்டு பதினோரு வருஷம் ஆச்சு. எங்கப்பா ஒரே மாதிரி ரெண்டு வீடு கட்டினாரு. ஒரே செங்கல், ஒரே தளம், நடுவுல அஞ்சடி சந்து. அவர் போனதும் சந்த நடுவால பிரிச்சுக்கிட்டோம். நான் ஆலையில கரும்பு அரவை சீசன்ல மாட்டிக்கிட்டு எட்டு நாள் வீட்டுக்கே வரல. வந்து பாக்கறேன், செவுரு எழும்பி நிக்குது. டேப்பு புடிச்சேன். ஒம்பது இஞ்ச் செவுரு. பாதி அவன் பக்கம், பாதி என் பக்கம் வரணுமா இல்லியா? முழுசும் என் பக்கம்! நாலரை இஞ்ச் போச்சு!

ஏன்டான்னு கேட்டேன். அவன் பக்கம் மண்ணுக்கடியில அப்பா காலத்து சாக்கடைக் குழாய் ஓடுதாம், அது மேல கடக்கால் போட முடியாதுன்னு கொத்தனார் தள்ளிப் போட்டுட்டாராம். சொல்லுவான்ல? இடிச்சுட்டு வேற மாதிரி கட்டிக்கலாம்ணே, நானே ஆளு வெச்சு இடிக்கிறேன்னான். நான் வேணாம்னுட்டேன். இருக்கட்டும்டான்னேன். இடிச்சிட்டா என்ன ஆவும்? பேச்சு முடிஞ்சிடும். அவன் பண்ணது எப்படித் தெரியும் நாலு பேருக்கு? நிக்கட்டும்னு விட்டேன். அன்னியோட பேச்சு வார்த்தை இல்ல.

அந்த நாலரை இஞ்ச் என்கிட்ட இருந்திருந்தா அவுட்டோர் என் பக்கமே நின்னிருக்கும். என்ன சிரிக்கிற? நிக்காதா? அந்த ரெண்டு பேரும் அதத்தான் சொன்னானுங்க. நிக்கும்யா. கொஞ்சம் சாச்சு வெச்சா நிக்கும்.

நாங்க பேசறது அவனுக்குக் கேட்டிருக்கு. செவுத்துக்கு மேல தலைய நீட்டி, என்கிட்ட இல்ல, ஜெபமாலைகிட்ட சொல்றான்: "அண்ணி, இந்த சந்துலயே மாட்டச் சொல்லுங்க. இந்த எடம் சும்மாதானே கெடக்கு." எவ்வளவு தந்திரம் பாரு. சும்மா கெடக்குதாம். என் நாலரை இஞ்ச முழுங்கிட்டு எனக்கே எடம் குடுக்கறான். அதுல ஏசிய மாட்டினா காலம் பூரா எனக்குக் காத்து குடுத்தவன்னு ஆயிடுவான்ல? இவ என் மூஞ்சியப் பாத்தா. "அங்கயே மாட்டிரலாங்க"ன்னா. நீ உள்ள போன்னேன். போயிட்டா. எதுத்துப் பேச மாட்டா. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு வார்த்தை எதுத்துப் பேசினதில்ல. அந்த வகையில நான் குடுத்து வெச்சவன்.

மாட்ட வந்தவன்கிட்ட சொன்னேன், குழாய இந்தப் பக்கமா கொண்டு வா, ரூம் வாசலுக்கு மேல, ஹால் ஓரமா, அடுப்படி பரண் வழியா, தளத்தத் தொளைச்சு மொட்டை மாடிக்கு. நாப்பதடிக்கு மேல வரும் சார், அஞ்சு வளைவு வரும், கேஸ் பத்தாது, கூலிங் கொறையும், கம்பெனிக்காரன் கேரண்டி குடுக்க மாட்டான்னு அடுக்கினான். நீ போடா, நானே போட்டுக்கறேன்னேன். பொட்டிய வெச்சிட்டுப் போயிட்டானுங்க.

நானே போட்டேன் தம்பி. அறுபத்து மூணு வயசுல. கடைவீதியில செப்புக் குழாய் சுருள் வாங்கினேன், கால் இஞ்ச் ஒண்ணு, அரை இஞ்ச் ஒண்ணு. கடைக்காரன், வளைக்கறதுக்கு ஸ்ப்ரிங் வாங்கிக்கிங்க பெரியவரே, குழாய் மேல மாட்டி வளைச்சா நசுங்காதுன்னான். இரும்பையே வளைச்சவன்டா நான்னு சொல்லிட்டு வந்துட்டேன். மணல அடைச்சு வளைக்கலாம்னு ஒரு யோசனை. ஜெபமாலை பாத்துட்டு, "உள்ள ஒரு மணி மணல் தங்கிட்டாக்கூட மோட்டார் வீணாப் போயிடாதா?"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்? மணல் போடல. அவ சொன்னதுக்காக இல்ல. நல்ல மணல் கெடைக்கல.

மொத வளைவு முட்டிக்காலு மேல வெச்சு வளைச்சேன். பட்டு மாதிரி வந்துச்சு. ரெண்டு, மூணு, நாலு, எல்லாம் அப்படித்தான். அவ கீழ நின்னு ஏணியப் புடிச்சிக்கிட்டு நிப்பா. அந்த சித்திரை வெயில்ல. ஒரு நாளு இல்ல, ஆறு நாளு. நான் ஒரு குழாய் வளைச்சு, ஆணி அடிச்சு, மட்டம் பாத்து, கழட்டி, திரும்ப மாட்டி... நல்ல வேலைன்னா நேரம் ஆகும்ல? முந்தானையில மொகத்தத் தொடச்சுக்கிட்டே நிப்பா. உக்காருன்னு சொல்லியிருக்கலாம், தோணல. ஏணிய யாராச்சும் புடிக்கணுமில்ல.

அஞ்சாவது வளைவு பரண்ல. குழாய் அங்கதான் மேல திரும்பணும். குனிஞ்சும் ஒக்கார முடியாது, படுத்தும் வேலை செய்ய முடியாது. அரை இஞ்ச் குழாய ரெண்டு கையாலயும் புடிச்சு அழுத்தினேன். அவன் சந்துல நின்னு பாட்டுக் கேட்டுக்கிட்டு செடிக்குத் தண்ணி ஊத்தறான், எனக்குக் கேக்குது. அந்த எரிச்சல்ல கொஞ்சம் கூட அழுத்திட்டேன். சரக்குன்னு உள்ள போச்சு. அவன் பாட்டு மட்டும் போடாம இருந்திருந்தா அந்த வளைவு எப்படி வந்திருக்கும் தெரியுமா? அப்புறம் கொறடு வெச்சு ரெண்டு பக்கமும் புடிச்சு உருண்டையாக்கினேன். முக்காவாசி உருண்டையாயிடுச்சு. கறுப்பு ஸ்பாஞ்ச சுத்தி, வெள்ளை டேப்ப போட்டேன். எவனுக்கும் தெரியாது.

வேக்கமா? குழாய்க்குள்ள இருக்கற காத்த மிஷின் வெச்சு உறிஞ்சி எடுக்கறதா? போடல. வால்வ ஒரு நொடி தொறந்து காத்த வெளிய தள்ளினா ஆச்சு. அதுக்கு ஒரு மிஷின் எதுக்கு?

ஓடுச்சு தம்பி! ஸ்விட்ச் போட்டதும் ரூம் ஜில்லுன்னு ஆச்சு. ஜெபமாலை கட்டில்ல உக்காந்து கண்ண மூடிக்கிட்டா. எப்படி இருக்குன்னேன். நல்லாருக்குங்கன்னா. பதினோரு நாள் அப்படி ஓடுச்சு. பன்னெண்டாம் நாள் வெறும் காத்து. தொறந்து பாத்தா உள்ள ஐஸ் கட்டிக் கெடக்குது, கொஞ்ச நாள்ல அதுவும் இல்ல. அக்னி நட்சத்திரம் வேற அப்பத்தான் ஆரம்பம். தளம் கொதிக்குது.

மொத மெக்கானிக் வந்தான், பரண்ல குழாய் நசுங்கி கேஸ் கசியுதுன்னான். வெரட்டினேன். ரெண்டாமவன் சோப்பு நுரையத் தடவி, இங்க பாருங்க சார், மொட்டு மொட்டா வருதுன்னு காட்டினான். வெரட்டினேன். மூணாமவன்தான் பெரிய வாயாடி. யாரு சார் இந்தக் குழாய வளைச்சது, கையில வளைச்ச மாதிரி தெரியலையே, கால்ல மிதிச்ச மாதிரி இருக்கேன்னான். எனக்கு வந்துச்சு பாரு. வாடா மாடிக்கு, அவுட்டோர்ல இருக்குடா கோளாறு, காட்டறேன்னு அவன இழுத்துட்டுப் போனேன். மத்தியானம் பன்னெண்டரை மணி. மொட்டை மாடியில நின்னு ரெண்டு பேரும் கத்தறோம்.

கீழ அவ விழுந்திருக்கா. அடுப்படியில. சோறு வடிக்கும்போது. எனக்குக் கேக்கல. கத்திக்கிட்டு இருந்தேன்ல?

அவனுக்குக் கேட்டிருக்கு. குண்டான் உருண்ட சத்தம் கேட்டு, அண்ணி அண்ணின்னு ரெண்டு தடவ கூப்பிட்டுப் பாத்துட்டு செவுரு ஏறிக் குதிச்சிருக்கான். சக்கரை வியாதிக்காரன், அம்பத்தெட்டு வயசு. முழங்கால்லேருந்து கணுக்கால் வரைக்கும் தோலு உரிஞ்சு ரத்தம். அவன் பொண்டாட்டி செலின் வாசல் வழியா ஓடி வந்திருக்கா. நான் மாடியிலேருந்து எறங்கி வரேன். என் அடுப்படியில, கஞ்சித் தண்ணிக்கு நடுவுல அவன் உக்காந்திருக்கான். ஜெபமாலை தலை அவன் மடியில. செலின் ஈரத் துணியால வெசிறிக்கிட்டு இருக்கா. அவன் என்ன நிமிந்து பாத்தான். பதினோரு வருஷம் கழிச்சு மொத தடவையா என்கிட்ட பேசறான்: "ஆட்டோ கூப்பிடுங்கண்ணே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க. "செவுரு தாண்டி என் வீட்டுக்குள்ள வர உனக்கு எவன்டா உரிமை குடுத்தது?"ன்னு கேட்டேன். "என் பொண்டாட்டிய எனக்குப் பாத்துக்கத் தெரியும், எந்திரிச்சுப் போடா"ன்னேன். அவன் எந்திரிக்கல. அந்த மூணாம் மெக்கானிக்தான் ஓடிப் போய் ஆட்டோ புடிச்சிட்டு வந்தான்.

ஜெபமாலைக்கு அப்ப கண்ணு தொறந்திருந்துச்சு. நான் பேசினதெல்லாம் கேட்டிருக்கும்னு நெனைக்கிறேன். கேட்டாத்தான் என்ன? நியாயந்தானே கேட்டேன்.

ஆஸ்பத்திரியில ஒரு நாள் வெச்சு குளுக்கோஸ் ஏத்தினாங்க. மறுநாள் அமலதாஸும் செலினும் அவளோட ஆட்டோவுல வராங்க, நான் பின்னாடி சைக்கிள்ல வரேன். அந்த ஆட்டோவுல எனக்கு எடம் இருந்துச்சு, நான் ஏறல. ஆட்டோ நின்னுச்சு. ரெண்டு வீடும் பக்கத்துப் பக்கத்துல, வாசலு ரெண்டும் ஒட்டினாப்புல. எறங்கினவ இடது பக்கம் திரும்பணும். வலது பக்கம் திரும்பினா.

ஜெபமாலைன்னு கூப்பிட்டேன். நின்னா. "இந்த வீட்ல மூச்சு முட்டுதுங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அழல, கத்தல. செலின் கையப் புடிச்சிக்கிட்டு படியேறிப் போயிட்டா.

மூச்சு முட்டுதுன்னா? ஏசி ஓடல, அதனால முட்டுது. டாக்டரும் குளிர்ச்சின்னுதானே சொன்னாரு? சரியாத்தானே வருது? என்ன, அப்படிப் பாக்கற? அவன் வீட்ல ஏசி இருக்கான்னு கேக்கறியா? இல்ல. ஏசி கெடையாது. ஒரு பழைய ஃபேன், அதுவும் கடகடன்னு ஆடும். அப்பா போட்ட அதே தளம், அதே கொதிப்பு. அதுதான் எனக்கும் கொஞ்ச நாளா புரியல. சந்துல அவன் செடி கிடி வெச்சிருக்கான், அதுல ஏதோ காத்து வருது போல. வேற என்ன இருக்கு அங்க?

ஆறு மாசம் ஆச்சு. எனக்கு சாப்பாட்டுல ஒரு கொறையும் வெக்கல அவ. மூணு வேளையும் அந்த சந்துச் செவுத்து மேல தூக்குச் சட்டிய வெச்சிட்டு ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடுவா. நான் அடுப்படி சன்னல்லேருந்து கைய நீட்டி எடுத்துக்குவேன். ஒம்பது இஞ்ச் செவுரு, சட்டி நல்லா உக்காருது. கறி வெச்சா எனக்கு எலும்பு எடுத்து வெப்பா, எனக்கு எலும்பு புடிக்கும்னு தெரியும். தட்டற சத்தம் கேட்டு நான் சன்னலுக்கு ஓடுவேன். அதுக்குள்ள போயிருப்பா. அந்த வீட்லேருந்து பேச்சு சத்தம் கேக்கும். சிரிப்பு சத்தம்கூட கேக்குது சில சமயம். ஜெபமாலை சிரிச்சா இப்படி இருக்கும்னு எனக்கு மறந்தே போச்சு தம்பி. மொதல்ல செலின்னு நெனைச்சேன்.

டிசம்பர்ல ரெஜினா கொழந்தையோட வரா, கிறிஸ்துமஸ் பெருநாளுக்கு. ஃபோன்ல, "நான் எந்த வீட்டுக்குப்பா வரணும்?"னு கேட்டா. எந்த வீட்டுக்குன்னு கேக்கறா! பொறந்த வீட்டுக்கு வாடின்னேன். "அம்மா எங்க இருக்காங்களோ அதுதான்ப்பா"ன்னுட்டு வெச்சிட்டா. அதான் உனக்கு ஃபோன் போட்டேன். சரி, இப்ப ஏறு. ஏணிய நானே புடிக்கறேன். என்ன வேணா பண்ணு, அவன் சந்துப் பக்கம் போகாத, நசுங்கல்னு மட்டும் சொல்லாத.

என்ன? வெட்டணுமா? அந்த வளைவ மட்டும் வெட்டிட்டு ரெடிமேட் எல்போ முட்டு வெச்சுப் பத்த வெச்சு ஒட்டணுமா? நாலு நல்ல வளைவு இருக்கு, அதத் தொடாம? சரி. வெட்டு. வெட்டித் தொலை.

குடு இங்க அத. எங்க விரிசல்? கண்ணாடியப் போட்டுக்கறேன் இரு. இதுவா? மயிரு கணக்கா இருக்கு. இதுலயா அவ்வளவும் போச்சு? கொறடு போட்ட எடத்துலயா? செம்பு மட்டம் தம்பி. இந்தக் காலத்துச் செம்பு. கடைக்காரன் தலையில கட்டிட்டான்.

வேக்கம் மிஷின போட்டுட்டு எவ்வளவு நேரம் உக்காரணும்? முக்கா மணியா? அப்புறம் புதுசா கேஸ் ஏத்தணுமா? போடு. முறையா போடு. காபி போட்டுத் தரேன், எனக்குப் போடத் தெரியும் இப்ப.

...வருது! கைய வெச்சுப் பாரு, வருது! அடேயப்பா, அன்னிக்கு வந்தத விட ஜில்லுன்னு வருது. நல்ல வேலைக்காரன்டா நீ. கதவச் சாத்து, குளிர்ச்சி வெளிய போகுது. பத்து நிமிஷம் ஓடட்டும். ரூம் நல்லா ஆகட்டும்.

தம்பி, ஒரு உதவி. பக்கத்து வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வா. நான் போக முடியாது, காரணந்தான் சொன்னேனே. ஜெபமாலையம்மான்னு கூப்பிடு. ஏசி சரியாயிடுச்சு, ரூம் ஐஸ் மாதிரி இருக்குன்னு சொல்லு. அய்யா வரச் சொன்னாருன்னு சொல்லு. இல்ல, வரச் சொன்னாருன்னு வேணாம். சரியாயிடுச்சுன்னு மட்டும் சொல்லு, அவளே வருவா. கொடைய எடுத்துக்க.

வந்துட்டியா? அவ பின்னாடி வராளா? இரு, கட்டில்ல துணி கெடக்குது, எடுத்துடறேன். வரலியா? என்ன பண்ணிக்கிட்டு இருந்தா? செலினோட உக்காந்து பூண்டு உரிச்சிக்கிட்டு இருந்தாளா? அவனும் இருந்தானா? ம். நீ சொன்னதுக்கு என்ன சொன்னா? சரியா சொல்லு, அவ சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு.

"நெஞ்சு சளி அவருக்கு, இந்த மழையில ஆகாது, அத ஆஃப் பண்ணச் சொல்லுங்க"ன்னாளா? வேற? யோசிச்சுப் பாரு. வேற ஒண்ணுமே சொல்லலையா?

நம்பல தம்பி அவ. நீ ஒழுங்கா சொல்லியிருக்க மாட்ட. சுமாரா ஏதோ ஓடுதுன்னு நெனைச்சிட்டா. அந்த ரிமோட்ட எடு. எத்தனையில இருக்கு? இருவத்து நாலா? அதான் பாத்தேன்! இருவத்து நாலு வெச்சா யாரு வருவா? பதினாறுல வை. வை, சொல்றேன்ல. இப்ப திரும்பப் போயி சொல்லு, பதினாறுல ஓடுதுன்னு சொல்லு. நான் இங்கயே உக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் குளிரல.